யானை டாக்டர் ஆக ஆசை!

கேள்வி: பிளஸ் டூ படிக்கிறேன். அடிபட்ட விலங்குகளைக் காப்பாற்றும் டாக்டர் ஆக வேண்டும். என்ன வழி? - ஒரு மாணவி, தருமபுரி

பதில்: நல்ல ஆசை, விடாதீர்கள். உயிரியல் கட்டாயம் வேண்டும். அப்புறம் கால்நடை மருத்துவப் படிப்பு, பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை ஆண்டு. வனத்துறைக்குப் பெரும்பாலும் கால்நடைப் பராமரிப்புத் துறையிலிருந்துதான் டாக்டர்களை அனுப்புகிறார்கள், அதனால் முதலில் ஆடு மாடுகளோடுதான் காலம் போகும். அதைக் குறைவாக நினைக்காதீர்கள், கை பழகுவது அங்கேதான்.

முதுமலை டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தியைப் பற்றித் தேடிப் படியுங்கள். முகாம் யானைகளுக்கு வைத்தியம் பார்த்ததோடு நிற்காமல், காட்டில் செத்துக்கிடந்த யானைகளையும், அழுகிய நாற்றத்தைப் பொருட்படுத்தாமல் அறுத்துப் பார்த்து, சாவுக்குக் காரணம் என்ன என்று பதிவு செய்தவர். வேட்டைக்காரனின் குண்டு வெளியே தெரியவருவது அப்படித்தானே! 1998-ல் கூடலூர் பக்கம் பலரைக் கொன்ற மக்னா ஒன்றை, அதாவது தந்தமில்லாத ஆண் யானையை, சுடாமல் பிடித்தார்கள். இவர் வைத்தியம் பார்த்த அந்த யானைக்கு இவர் பெயரையே சேர்த்து மூர்த்தி என்று வைத்தார்கள். 2024 வரை தெப்பக்காடு முகாமில் சாதுவாக வாழ்ந்தது.

இப்போதே தெருநாய் மீட்பில் உதவப் போகிறீர்கள் என்றால், வெறிநோய்த் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்ளுங்கள்.