பழைய பியட் கார் கதவுக்குள் மழைநீர்: டோர் பேடுக்குப் பின்னால் எப்படி சீல் செய்வது?

உங்களிடம் இருப்பது எண்பதுகளின் பிரீமியர் பத்மினி. மழை பெய்தால் முன்சீட்டில் கால் வைக்கும் இடம் ஈரமாகிறது, டோர் பேடின் (கதவின் உள்பக்கம் மூடியிருக்கும் அட்டையின்) அடிப்பக்கம் ஊதிவிட்டது. கண்ணாடியைச் சுற்றி சிலிகான் அடித்தால் நிற்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிற்காது. அப்பா வாங்கிய 1986 மாடல் பத்மினி இப்போது என்னிடம்தான் இருக்கிறது. அதன் நான்கு கதவுகளையும் நானே கழற்றி, உள்ளே தண்ணீரைத் தடுக்கும் பாலிதீன் தாள் ஒட்டி மாட்டினேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் ஒன்று புரிய வேண்டும். கதவுக்குள் தண்ணீர் போவது கோளாறு இல்லை. கண்ணாடி ஏறி இறங்க இடைவெளி வேண்டும், அந்த இடைவெளியில் இருக்கும் பீடிங் (ரப்பர் பட்டை) பெரும்பாலான தண்ணீரை வழித்துத் தள்ளும், மீதி உள்ளே இறங்கும். முன்கதவின் முக்கோணக் கண்ணாடி ரப்பர் வழியாகவும் கொஞ்சம் இறங்கும். இறங்கிய தண்ணீர் கதவின் அடியில் உள்ள ஓட்டைகள் வழியே வெளியே போய்விட வேண்டும். அதுதான் ஏற்பாடு. சிக்கல் எங்கே என்றால், கதவின் உள்தகட்டில் கண்ணாடி மெஷினை, அதாவது கண்ணாடியை ஏற்றி இறக்கும் அமைப்பை, மாட்டிக் கழற்றுவதற்காகப் பெரிய பெரிய திறப்புகள் இருக்கின்றன. அவற்றை மூடியிருந்த தாள் கிழிந்தோ உதிர்ந்தோ போனால், தண்ணீருக்கும் உங்கள் காலுக்கும் நடுவில் ஒரு ஹார்ட்போர்டு அட்டை மட்டும்தான். அது எத்தனை மழை தாங்கும்?

ஆகவே அடியில் உள்ள ஓட்டைகளை எந்தக் காரணத்துக்காகவும் அடைக்காதீர்கள். எங்கள் வண்டியை ஒரு பட்டறையில் டிங்கரிங் வேலைக்கு விட்டபோது, துருப் பிடிக்காமல் இருக்க என்று அடித்த கறுப்புப் பூச்சு மூன்று கதவுகளின் ஓட்டைகளையும் சேர்த்து மூடிவிட்டது. ஒரு ஐப்பசி முழுக்க வண்டி திரும்பும்போதெல்லாம் கதவுக்குள் குடத்தில் தண்ணீர் அலம்புவது போல் சத்தம். கவனித்துக் கம்பி விட்டுக் குத்தியபோது செம்மண் கரைசல் மாதிரி துருத்தண்ணீர் கொட்டியது. அதற்குள் இடதுபக்க முன்கதவின் அடித்தகடு விரலால் அழுத்தினால் உள்ளே போகும் நிலைக்கு வந்துவிட்டது. அதை நினைத்தால் இன்றும் வருத்தம்தான்.

சரி, வேலைக்கு வருவோம். கண்ணாடியை முழுக்க மேலே ஏற்றிவிட்டு வைண்டர் கைப்பிடியை (கண்ணாடியை ஏற்றச் சுற்றும் கைப்பிடியை) கழற்றுங்கள். பழைய வண்டிகளில் கைப்பிடிக்குப் பின்னால் உள்ள வட்டத் தகட்டை அழுத்தினால் குறுக்கு பின் தெரியும், அல்லது லாட வடிவக் கிளிப் இருக்கும், அல்லது நடுவில் ஸ்க்ரூ இருக்கும். உங்களுடையதில் எது என்று பார்த்த பிறகே கை வையுங்கள். டோர் பேடை ஒரு மூலையிலிருந்து இழுக்காமல், ஒவ்வொரு கிளிப்புக்கும் பக்கத்திலேயே தட்டையான பட்டையை விட்டு நெம்புங்கள். ஊறிய அட்டை நனைந்த பிஸ்கட் போல, கிளிப்பை அப்படியே விட்டுவிட்டுக் கையோடு வந்துவிடும்.

உள்ளே பழைய பசையும் காகித மிச்சமும் இருக்கும். ஹேர் டிரையரால் சூடாக்கிச் சுரண்டி, மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, கடைசியில் அந்த எண்ணெய்ப் பிசுக்கும் போக ஸ்பிரிட்டால் துடையுங்கள். தின்னர் வேண்டாம், பெயின்ட்டைத் தின்றுவிடும். துரு இருந்தால் தேய்த்து பிரைமர் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகே மேலே போகலாம்.

தாளுக்கு 150 மைக்ரான் பாலிதீன் போதும். ஹார்டுவேர் கடையில் 600 கேஜ் என்று கேட்டால் புரியும். ஒட்டுவதற்கு பியூட்டைல் டேப், ரப்பர் போல மெத்தென்று ஒட்டும் பட்டை. மற்றவற்றைவிட இதை நான் விரும்புவதற்குக் காரணம், இது இறுகிப்போகாது. நாளைக்கே கண்ணாடி மெஷின் மக்கர் பண்ணினால் தாளை உரித்து வேலை பார்த்துவிட்டுத் திரும்ப அழுத்தி ஒட்டலாம். ரப்பர் பசை நாளடைவில் வெயிலில் காய்ந்து பொருக்காகிவிடும். சாதாரண சிலிகான் இன்னும் மோசம். காடி நாற்றம் வருகிறதல்லவா, அது அசிட்டிக் அமிலம். பெயின்ட் போன இடத்தில் பட்டால் தகட்டை அரிக்கும், பிறகு அங்கே பெயின்ட்டும் ஒட்டாது.

டேப்பைத் திறப்புகளின் மேலேயும் இரண்டு பக்கமும் இடைவெளி இல்லாமல் ஓட்டுங்கள், கிளிப் ஓட்டைகளை மட்டும் விட்டுவிட்டு. தாளை இழுத்து விறைப்பாக ஒட்டாதீர்கள். வைண்டர் தண்டு வெளியே வரும் இடத்தில் கொஞ்சம் தொய்வு வேண்டும். அங்கே தண்டைவிடச் சின்னதாக ஒரு துளை போட்டு, தாள் அதைக் கவ்விப் பிடிக்கும்படி நுழையுங்கள்.

இந்த வேலையின் உயிர் அடிவிளிம்பில் இருக்கிறது. ஓட்டு வீட்டில் மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் படிந்திருப்பதால்தானே தண்ணீர் உள்ளே வராமல் வழிகிறது? அதே கணக்குதான் இங்கேயும். மேலேயும் இரண்டு பக்கமும் தாளை ஒட்டிவிட்டு, கீழ்விளிம்பை மட்டும் உள்தகட்டின் திறப்பு வழியாகக் கதவுக்குள் சொருகிவிடுங்கள், ஒரு சாண் நீளம் உள்ளே தொங்கட்டும். மெஷின் ஓடும் பாதையில் அது சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாளில் தெறித்த தண்ணீர் தாளிலேயே வழிந்து கதவுக்குள் விழும், ஓட்டை வழியே வெளியேறும். கீழ்விளிம்பை வெளிப்பக்கமாக, அதாவது சீட் பக்கமாக விட்டு ஒட்டினால் அத்தனை தண்ணீரும் அட்டைக்குத்தான் வரும். நான் முதல் கதவில் அப்படித்தான் ஒட்டினேன், பிரித்துத் திரும்பச் செய்ய வேண்டியதாயிற்று.

யாராவது ஸ்பீக்கருக்கு ஓட்டை போட்டிருந்தால் அதன் தலைக்கு மேல் ரப்பர் துண்டில் ஒரு சின்னக் குடை ஒட்டுங்கள்.

அப்புறம் டோர் பேடை மாட்டும் முன் சோதனை. பாலிதீன் தாளின் கீழ்ப்பக்கத்தில், சீட் பக்கத் தகட்டோடு ஒட்டினாற்போல் செய்தித்தாளைப் பரப்பி, வெளியிலிருந்து கண்ணாடி மேல் பத்து நிமிடம் மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். கதவின் அடியில் சொட்ட வேண்டும், செய்தித்தாள் மொறுமொறுவென்று இருக்க வேண்டும். கதவுப் பக்கம் காய்ந்திருந்தும் தரை நனைகிறது என்றால் குற்றம் கதவில் இல்லை. முன்கண்ணாடி ரப்பரைப் பாருங்கள்.

ஊதிய அட்டையைத் திரும்ப மாட்ட வேண்டாம். அதையே அச்சாக வைத்துப் புது ஹார்ட்போர்டு வெட்டி, ரெக்சின் ஒட்டும் முன் பின்பக்கத்துக்கும் விளிம்புகளுக்கும் இரண்டு கோட் வார்னிஷ் அடியுங்கள். கண்ணாடி பீடிங் வெடித்திருந்தால் இந்தச் சமயத்திலேயே மாற்றிவிடுங்கள், சென்னையில் இருந்தால் புதுப்பேட்டையின் வண்டி உதிரிபாகக் கடைகளில் தேடிப் பாருங்கள். போகும்போது பழைய பீடிங் துண்டு ஒன்றை வெட்டி எடுத்துக்கொண்டு போங்கள், வாயால் சொல்லி அளவு வாங்க முடியாது.