உணவுப் பாதுகாப்பில் உயிர் உணரி என்பது என்ன? அதன் ஆய்வு எத்திசையில் செல்கிறது?

உயிர் உணரி என்பது, நொதி, எதிர்ப்பொருள் (குறிப்பிட்ட ஒரு பொருளை மட்டும் இனங்கண்டு பற்றும் புரதம்) போன்ற ஓர் உயிரிப் பொருளையும், அது தன் இலக்கை, அதாவது நாம் தேடும் பொருளை, பற்றிக்கொள்ளும்போது நேரும் மாற்றத்தை மின்குறிப்பாகவோ ஒளிக்குறிப்பாகவோ மாற்றும் பகுதியையும் இணைத்த சிறு கருவியாகும். ஒரே ஒருவரின் முகத்தை மட்டும் அறிந்த வாயிற்காவலர், கூட்டத்தில் அவரைக் கண்டவுடன் மணியடிப்பதற்கு இதை ஒப்பிடலாம். 1962-இல் கிளார்க், லயன்ஸ் ஆகிய ஆய்வாளர் இருவரும் குளுக்கோசை அளப்பதற்காக விவரித்த நொதி மின்முனையிலிருந்தே இத்துறை வளர்ந்தது.

உணவுத் துறை இதை நாடுவதற்கு முதற்காரணம் நேரம். உணவின் வழியே நோய் உண்டாக்கும் சால்மோனெல்லா போன்ற பாக்டீரியாவை ஆய்வகத்தில் வளர்த்து உறுதிசெய்யப் பல நாட்கள் ஆகும்; விரைவில் கெடும் உணவோ அதற்குள் உண்ணப்பட்டே விடலாம்.

தங்க நானோ துகள்களால் குறிப்பை வலுப்படுத்துவதும், காகிதப் பட்டையின் நிறமாற்றத்தைக் கைப்பேசிக் கேமராவால் அளப்பதும் இன்று பரவலாக ஆராயப்படுகின்றன. ஆயினும், அதிகம் பேசப்படாத மாதிரித் தயாரிப்பே, அதாவது சோதிக்க எடுத்த உணவை உணரிக்கு ஏற்றவாறு பக்குவப்படுத்துவதே, இவற்றைவிட முக்கியமானது என்பது என் கருத்து. தூய கரைசலில் நன்கு இயங்கும் உணரி, பாலின் கொழுப்பும் புரதமும் அதன் பரப்பில் படிந்தால் தடுமாறுகிறது. மேலும், பல உணவுகளில் 25 கிராம் மாதிரியில் சால்மோனெல்லா அறவே இருக்கக்கூடாது என்பது விதி. அதில் ஓரிரு பாக்டீரியாக்களே இருந்தால், உணரியைத் தொடும் சிறுதுளியில் அவை அகப்படாமலே போகலாம். ஆகவேதான், எதிர்ப்பொருள் பூசிய காந்தத் துகள்களால் கிருமிகளை முதலில் திரட்டும் முறைகள் கவனம் பெறுகின்றன.

உணரி ‘இல்லை’ என்று காட்டினால் உணவு முழுவதும் பாதுகாப்பானது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில், தேடப்பட்ட அந்த ஒரு பொருள், சோதித்த மாதிரியில், கருவியால் கண்டறியக்கூடிய அளவில் இல்லை என்பதை மட்டுமே அது தெரிவிக்கிறது.