'தர்ம காரியங்களுக்கு' என்று உயில் எழுதினால் செல்லுமா?

கேள்வி: கும்பகோணத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை நான். கணவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. என் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடும் வங்கியில் டெபாசிட்டும் இருக்கின்றன. டெபாசிட்டுக்கு அண்ணன் மகன் நாமினி. 'என் சொத்து முழுவதும் தர்ம காரியங்களுக்கு' என்று வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு பீரோவில் வைத்திருக்கிறேன். இது போதுமா?

பதில்: போதாதம்மா. கையால் எழுதியது தவறில்லை, பத்திரத்தாளும் தேவையில்லை. ஆனால் 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63-வது பிரிவு இரண்டு சாட்சிகளைக் கேட்கிறது. அதைச் சரிசெய்வது சுலபம்.

என்னைக் கவலைப்பட வைப்பது 'தர்மம்' என்ற சொல். தண்ணீர்ப் பந்தலும் தர்மம், அன்னதானமும் தர்மம், அவரவர் கடமையும் தர்மம். இதில் எதை நீங்கள் நினைத்தீர்கள் என்று நீதிமன்றம் எப்படிக் கண்டுபிடிக்கும்? இந்தக் காரணத்தால்தான், பம்பாயிலிருந்து போன ஒரு வழக்கில் 'தர்மத்துக்கு' என்று எழுதிவைத்த சொத்தைத் தெளிவில்லாத கொடை, செல்லாது என்று 1899-லேயே பிரிவி கவுன்சில் (ஆங்கிலேயர் காலத்தில் லண்டனில் இருந்த மேல்முறையீட்டு மன்றம்) சொல்லிவிட்டது. அதே ஆட்சேபத்தை உங்கள் உயிலுக்கும் எழுப்பலாம்.

உயில் விழுந்துவிட்டால் என்ன ஆகும்? நீங்கள் இந்துவாக இருந்தால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15-வது பிரிவுப்படி சொத்து முதலில் உங்கள் கணவரின் வாரிசுகளுக்குப் போகும். நீங்களே சம்பாதித்தது என்றாலும் அப்படித்தான் என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. ஆனால் சட்டம் அப்படி இருக்கிறது.

அதனால் புதிதாக எழுதுங்கள். எந்தப் பள்ளிக்கு அல்லது எந்த இல்லத்துக்கு, எதற்காக என்று குறிப்பிடுங்கள். பதிவுச் சான்றிதழில் உள்ள பெயரையே கேட்டு வாங்கி எழுதுங்கள். அந்த அமைப்பு பிற்காலத்தில் மூடப்பட்டால் அடுத்து யாருக்கு என்பதும் இருக்கட்டும்.

அப்புறம் அந்த நாமினி விஷயம். வங்கி பணத்தை அண்ணன் மகனிடம்தான் கொடுக்கும்; ஆனால் நாமினி என்பதால் மட்டும் அது அவருடையதாகிவிடாது. டெபாசிட்டையும் உயிலில் தனியாகக் குறிப்பிட்டு, இப்போதே அவரிடம் பேசிவிடுங்கள்.

பதிவு கட்டாயமில்லை. இருந்தாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிடுங்கள். பிறகு மனம் மாறினாலும் மாற்றி எழுதலாம். உயிலை நிறைவேற்ற, உங்களைவிட வயது குறைந்த, நம்பிக்கையான ஒருவரை அதிலேயே நியமியுங்கள். உயில் எங்கே இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.