கறுத்த ஐகானைத் துடைக்கலாமா?

பழைய ரஷ்ய ஐகான்களை, அதாவது மரப்பலகையில் தீட்டிய கிறிஸ்தவப் புனித ஓவியங்களை, பற்றி வந்த கேள்விகளில் பழுதுபார்ப்பு பற்றியவையே அதிகம். அவற்றில் சில:

19ஆம் நூற்றாண்டு ஐகான் ஒன்று வைத்திருக்கிறேன். உருவமே தெரியாத அளவுக்குக் கறுத்துவிட்டது. சுத்தம் செய்தால் விலை கூடுமா?

கூடலாம். ஆனால் உங்கள் கையால் வேண்டாம். கறுப்புக்குக் காரணம் ஒலிஃபா, அதாவது காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய். வண்ணத்தைக் காக்கவும் மெருகேற்றவும் அதைப் பூசினார்கள். 80, 100 ஆண்டுகளில் மெழுகுவர்த்திப் புகையும் சேர்ந்து அது இருண்டுவிடும். அடியில் இருப்பது முட்டை மஞ்சள் கருவில் குழைத்த வண்ணம். முகத்தின் ஒளியும் ஆடையின் பொன்கோடுகளும் கடைசியில் தீட்டிய மெல்லிய பூச்சுகள். கரைப்பான் கொஞ்சம் கூடுதலாக ஊறினால் முதலில் போவது அவைதான். வெங்காயம், சோப்புத் தண்ணீர் போன்ற வீட்டு வைத்தியமும் கூடாது. சுண்ணமும் விலங்குப் பசையும் கலந்த அடித்தளத்தில் ஈரம் இறங்கினால் உப்பி உதிரும். கறுத்த ஐகானுக்குள் நல்ல ஓவியம் இருக்கலாம் என்ற நம்பிக்கைக்காவது விலை உண்டு. தேய்த்துக் கெடுத்ததற்கு அதுவும் இல்லை.

எவ்வளவு பகுதி புதிதாகத் தீட்டியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இருட்டறையில் புற ஊதா விளக்கைக் காட்டுங்கள். பழைய வார்னிஷ் பச்சை சாயலில் ஒளிரும். அதன்மேல் பிறகு தீட்டிய வண்ணம் கரும் திட்டாகத் தெரியும். ஓரத்திலோ பின்னணியிலோ இருந்தால் பெரிய குறையில்லை. முகத்திலும் கைகளிலும் என்றால் விலையை மறுபடி பேசுங்கள். புது வார்னிஷால் இதை மறைப்பவர்களும் உண்டு. அதனால் பழுதுபார்ப்பதற்கு முன் எடுத்த படங்களைக் கட்டாயம் கேளுங்கள்.

மேலே மறுபடி வரைந்திருந்தால் அது மோசடியா?

இல்லை. ஐகான் வழிபாட்டுப் பொருள். மங்கியதும் அதன்மேலேயே திரும்ப வரைவது வழக்கமாக இருந்தது. புகழ்பெற்ற ரஷ்ய ஐகான் ஓவியர் அந்திரேய் ருப்லியோவின் 'திரித்துவம்' அப்படிப் பல பூச்சுகளுக்கு அடியில் கிடந்தது. 1904இல் பழுதுபார்ப்பாளர் வசிலி குரியானவ் அவற்றை நீக்கத் தொடங்கினார். பிறகு அவரே சில இடங்களைத் தீட்டிவிட, 1918இல் இன்னொரு குழு அதையும் நீக்க வேண்டிவந்தது. 12ஆம் நூற்றாண்டு விளதீமிர் மாதா ஐகானில் மரியாள், குழந்தை இயேசு முகங்களைத் தவிர மூல ஓவியம் அதிகம் மிஞ்சவில்லை. 16ஆம் நூற்றாண்டு ஓவியத்தின் மேல் 17ஆம் நூற்றாண்டுப் பூச்சு இருந்தால் அதுவும் வரலாறுதான். ஒன்றைக் காட்ட இன்னொன்றை அழிக்கிறோம் என்பதை மறக்கவே கூடாது. பழைய பலகையைச் சுரண்டிப் புதிதாக வரைந்து பழையது என்று விற்பதுதான் மோசடி.

ஐகானின் மேல் பொருத்திய வெள்ளிக் கவசத்தைக் கழற்றிப் பார்க்கலாமா?

வேண்டாம். கவசம் போடுவதற்கென்றே செய்த 19ஆம் நூற்றாண்டு ஐகான்கள் பலவற்றில் முகமும் கைகளும் மட்டுமே வரைந்திருக்கும், மற்றது வெறும் பலகை. பிரித்து விற்றால் இரண்டுக்குமே மதிப்பு குறையும். பழுதுபார்க்கக் கழற்றியே ஆகவேண்டும் என்றால், பழைய ஆணிகளை எடுத்துவைத்து அதே துளைகளில் திரும்பப் பொருத்தச் சொல்லுங்கள்.