அவருக்குக் கச்சேரி, எனக்குத் தேநீர்

கேள்வி: எங்கள் மகள் மாட்ரிட்டில் வேலை பார்க்கிறாள். ஜூன் கடைசியில் அவளைப் பார்க்கப் போகிறோம். அப்படியே தென் ஸ்பெயினில் இருக்கும் கிரானடாவில் நான்கு நாள் தங்கலாம் என்று திட்டம். அங்கே அப்போது இசை விழாவாம். நான்கு இரவும் கச்சேரிக்குச் சீட்டு வாங்க வேண்டும் என்று என் கணவர் ஒற்றைக்காலில் நிற்கிறார். எனக்கோ அந்த ஊர் அரபுத் தேநீர்க் கடைகளில் சாவகாசமாக உட்கார வேண்டும். “அதெல்லாம் டூரிஸ்டுகளுக்காகப் போட்ட வேஷம்” என்று அவர் சிரிக்கிறார். எனக்கு முழங்கால் வலி வேறு. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: உங்கள் வீட்டுக்காரர் சொல்வது பாதி உண்மை, அம்மா. அந்தப் பாதியை நாமே முந்திக்கொண்டு ஒப்புக்கொண்டுவிட்டால் அவருக்குப் பேச ஒன்றும் இருக்காது.

கிரானடாவின் கடைசி முஸ்லிம் அரசர் ஊரை ஒப்படைத்துவிட்டுப் போனது 1492 ஜனவரி 2ஆம் தேதி. அவர் தேயிலையைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார். புதினா போட்ட பச்சைத் தேநீர் மொரோக்கோவிலேயே வீட்டுக்கு வீடு பரவியது 19ஆம் நூற்றாண்டில்தான். 1850களில் நடந்த கிரிமியப் போர் நேரத்தில் வழக்கமான சந்தை கைவிட்டுப்போக, பிரிட்டிஷ் வியாபாரிகள் சீனத் தேயிலையை மொரோக்கோத் துறைமுகங்களில் கொண்டுபோய் இறக்கினார்கள். கிரானடாவில் ‘தெதெரியா’ என்று சொல்லும் தேநீர்க் கடைகள் வந்தது அதற்கும் வெகுகாலம் கழித்து, 1980கள் வாக்கில்.

சரி, அவருடைய கச்சேரி மட்டும் என்னவாம்? பெரிய ஆர்க்கெஸ்ட்ராக்கள் வாசிப்பது மலைமேல் இருக்கும் அல்ஹம்ப்ரா என்ற பழைய கோட்டைக்குள், ஐந்தாம் சார்லஸ் அரண்மனையில். ஊரைப் பிடித்த அரச தம்பதியின் பேரன், பழைய முஸ்லிம் அரசர்களின் அரண்மனைகளை ஒட்டி 1527இல் கட்டத் தொடங்கியது அது. தொடங்கினாரே தவிர முடிக்கவில்லை. கூரை முழுதாக வந்தது 20ஆம் நூற்றாண்டில். இசை விழா பிறந்தது 1952இல். 1952 பாரம்பரியம் என்றால் 1980கள் அதற்குத் தம்பி முறைதானே? இதை அவரிடம் சொல்லுங்கள். அப்புறம் வேஷம் என்ற பேச்சை எடுக்க மாட்டார்.

இப்போது என் தீர்ப்பு: நான்கு கச்சேரி வேண்டாம், இரண்டு போதும். உங்கள் முழங்காலுக்காக மட்டும் சொல்லவில்லை. அங்கே ஜூன் கடைசியில் சூரியன் மறைவதே இரவு ஒன்பதரைக்கு மேல். கச்சேரி தொடங்கப் பத்து, பத்தரை ஆகிவிடும். முடிந்து மலையிலிருந்து இறங்கி அறைக்கு வந்து சேர நள்ளிரவு தாண்டும். நான்கு நாளும் இப்படி என்றால் மூன்றாம் நாள் அவரே இரண்டாவது உருப்படியிலேயே தூங்கிவிடுவார்.

ஒன்று ஐந்தாம் சார்லஸ் அரண்மனை. வெளியே பார்த்தால் சதுரமான கோட்டை மாதிரி இருக்கும். உள்ளே நுழைந்தால் வட்டமான முற்றம், சுற்றிலும் 32 தூண்கள், அதே கணக்கில் மேல்மாடியிலும் தூண்கள், தலைக்கு மேல் வானம். நான் போன அன்று வயலின்காரர்கள் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தபோது உழவாரன் குருவிகள் கீச்சென்று வட்டமடித்துக்கொண்டிருந்தன. இருட்டியதும் அவை அடங்கவும், கச்சேரி தொடங்கவும் சரியாக இருந்தது. அந்த அரைமணி நேரத்துக்காகவே சீக்கிரம் போய் உட்காருங்கள். இரண்டாவது, அல்ஹம்ப்ராவை ஒட்டிய ஹெனரலீஃபே தோட்டத்துத் திறந்தவெளி அரங்கம். அங்கே பெரும்பாலும் நடனம். சைப்ரஸ் மரங்கள்தான் திரைச்சீலை. இரண்டுக்கும் சால்வை கட்டாயம். பகலில் 35 டிகிரி கொளுத்தும் ஊர்தான், ஆனால் கடல்மட்டத்திலிருந்து சுமார் 700 மீட்டர் உயரம். நள்ளிரவில் குளிர் தெரியும்.

இன்னும் கேட்க வேண்டும் என்று அடம்பிடித்தால், விழாவின் ஒரு பகுதியாகச் சதுக்கங்களிலும் பேட்டைகளிலும் இலவச நிகழ்ச்சிகள் நடக்கும். அதற்கு அவரைத் தனியே அனுப்பிவிடுங்கள்.

ஒன்று மறக்க வேண்டாம். கச்சேரிச் சீட்டை வைத்துக்கொண்டு பகலில் அல்ஹம்ப்ரா பார்க்க முடியாது. அதற்குத் தனிச் சீட்டு, பாஸ்போர்ட்டில் உள்ள பெயரில், பல வாரம் முன்பே வாங்க வேண்டும். முஸ்லிம் அரசர்கள் வாழ்ந்த நஸ்ரி அரண்மனைகளுக்குள் நுழைய அதில் நேரம் குறித்திருக்கும். தவறவிட்டால் விட்டதுதான்.

மீதி இரண்டு மாலையும் உங்களுடையவை. தேநீர்க் கடைகள் நெருக்கியடித்து நிற்பது கால்தெரேரியா நுவேவா என்ற சந்தில், அல்பைசின் என்ற பழைய பேட்டை இருக்கும் மேட்டின் அடிவாரத்தில். கொப்பரை, அண்டா செய்பவர்கள் இருந்த தெரு என்று பெயருக்குப் பொருள். நம்மூர்க் கணக்கில் கன்னார் தெரு. சந்து ஏற்றமாகத்தான் இருக்கும், ஆனால் கீழ்முனையிலேயே கடைகள் தொடங்கிவிடுகின்றன. அதற்கு மேல் ஏற வேண்டியதில்லை. அல்பைசின் உச்சிக்குப் போக ஆசை வந்தால் பிளாசா நுவேவாவிலிருந்து சி31 சிற்றுந்து, அல்ஹம்ப்ராவுக்கு பிளாசா இசபெல் லா கத்தோலிக்காவிலிருந்து சி30. கூழாங்கல் பதித்த தெருக்கள், நல்ல செருப்பாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

உள்ளே அரையிருட்டு, பித்தளைத் தட்டு மேசை, தரையோடு தரையாகத் திண்டுகள். திண்டில் உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டும். கூச்சப்படாமல் நாற்காலி கேளுங்கள், ‘சீயா’ என்றால் புரியும். ‘தே மோருனோ’ என்று சொன்னால் பச்சைத் தேயிலையும் புதினாவும் தாராளமாகச் சர்க்கரையும் போட்ட தேநீர் மூக்குக் கூஜாவில் வரும். கூஜாவை ஒரு முழம் தூக்கி ஆற்றுவார்கள். நம் டீ மாஸ்டரின் வித்தைதான், ஆனால் இங்கே நுரை மெல்லிய வளையம் போல ஓரத்தில் மட்டும் நிற்கும். பூ வேலைப்பாடு செய்த கண்ணாடித் தம்ளருக்குப் பிடி கிடையாது. விளிம்பை இரு விரலால் பிடிக்க வேண்டும், முதல் தடவை நிச்சயம் சுட்டுக்கொள்வீர்கள். பாலில்லாத டீயா என்று முகம் சுளித்தால் பட்டியலில் ‘பாகிஸ்தான் தேநீர்’ என்று ஒன்று இருக்கும். ஏலம், பட்டை போட்டுப் பாலில் கொதித்து வரும். குடித்துப் பார்த்துவிட்டு அதற்கு நீங்கள் என்ன பெயர் வைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்!

பசித்தால் அங்கேயே பாதாமும் தேனும் வைத்த பலகாரங்கள் கிடைக்கும். மற்ற கடைகளில் கொஞ்சம் உஷார். இந்த ஊர் மதுக்கடைகளில் பீரோ வைனோ குளிர்பானமோ வாங்கினால் பெரும்பாலும் கூடவே ஒரு சின்னத் தட்டு தின்பண்டம் இலவசம், அதில் பாதி நாள் பன்றி இறைச்சி இருக்கும். நீங்கள் சைவமென்றால் ‘சின் கார்னே, சின் பெஸ்காதோ’ என்று இரண்டையும் சொல்லுங்கள். கறி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் சூரை மீன் வந்து நிற்கும். தேவாலயத்துப் பக்கம் ரோஸ்மேரிக் குச்சியைக் கையில் திணித்துக் கைரேகை பார்க்க வருவார்கள். நான் வாங்கிவிட்டு ஐந்து யூரோ அழுதேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்துவிடுங்கள்.

நீங்கள் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் அவர் சும்மா இருக்க மாட்டார் என்றால் குவெஸ்தா தெ கோமேரெஸ் என்ற தெருவுக்கு அனுப்புங்கள். அல்ஹம்ப்ராவுக்கு ஏறும் வழி அது. கிட்டார் செய்பவர்களின் பட்டறைகள் அங்கே உண்டு. நான் போனபோது ஒருவர் பலகையை விரல் முட்டியால் தட்டி, காதோடு வைத்துக் கேட்டு, இன்னும் கொஞ்சம் சீவி, மறுபடி தட்டினார். மிருதங்கத்துக்குச் சாதம் அப்பும் முகத்தை அவரிடம் பார்த்தேன். சங்கீதப் பைத்தியத்துக்கு அங்கே ஒரு மணி நேரம் போவதே தெரியாது.

மேலே போனால் அல்ஹிபெஸ் சதுக்கத்தையும் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள், அரண்மனைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1922 ஜூனில் இசையமைப்பாளர் மனுவேல் தெ ஃபாயாவும், அப்போது இருபத்துநான்கு வயதான கவிஞர் லோர்காவும் நண்பர்களோடு சேர்ந்து இரண்டு இரவு பாட்டுப் போட்டி நடத்திய இடம். அந்தப் பக்கத்து நாட்டுப்புற இசையான ஃபிளமெங்கோவின் ஆழ்ந்த பழைய பாட்டு மேடைக்கூத்தாகி அழிந்துவிடும் என்று பயந்து, தொழில்முறைப் பாடகர்களைப் போட்டியில் சேர்க்கவில்லை. பரிசு வாங்கியவர்களில் ஒருவர் எழுபது வயதை ஒட்டிய முதியவர். தன் ஊரிலிருந்து நடந்தே வந்தார் என்று கதை சொல்வார்கள். இன்னொருவன் பன்னிரண்டு வயதுப் பையன், பின்னாளில் மனோலோ கராக்கோல் என்று பெரிய பாடகர் ஆனார். அசல் எது, வேஷம் எது என்ற சண்டை அந்த ஊருக்குப் புதிதல்ல என்பது உங்கள் வீட்டுக்காரருக்கு அங்கே விளங்கும்.

கூஜா ஒன்று வாங்கினால் இரண்டு பேருக்குத் தாராளமாகக் காணும். ஆளுக்கொன்று சொல்லிவிட வேண்டாம், அவர் எப்படியும் உங்கள் தம்ளரிலிருந்துதான் குடிக்கப் போகிறார்.