நிறுவனம் அனுப்பும் ஆளா, நாமே வைத்துக்கொள்ளும் ஆளா?

கேள்வி: 82 வயது அம்மா என்னுடன் கலிபோர்னியாவில் இருக்கிறார். பகலில் துணைக்கு ஒரு நிறுவனம் ஆள் அனுப்புவதாகச் சொல்கிறது. தோழியோ, "நேரடியாக வைத்துக்கொள், செலவு குறையும்" என்கிறாள். அந்த ஆளுக்கு என்ன பயிற்சி கட்டாயம்?

பதில்: இரண்டுக்கும் சட்டம் வேறு. நிறுவனத்து ஆள் என்றால், 2016 ஜனவரி 1 முதல் அவர் மாநில சமூக சேவைத் துறையின் ஹோம் கேர் எய்ட் (வீட்டுப் பராமரிப்பு உதவியாளர்) பதிவேட்டில் இருந்தாக வேண்டும். லைவ் ஸ்கேன் எனும் மின்னணு முறையில் கைரேகை எடுத்து, குற்றப் பின்னணி பார்த்த பிறகே பதிவு கிடைக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். "விண்ணப்பித்தாயிற்று" என்ற பதிலை ஏற்காதீர்கள். பெயரையும் பதிவு எண்ணையும் வாங்கி, துறையின் இணையதளத்தில் நீங்களே பாருங்கள்.

காசநோய்ப் பரிசோதனையும் கட்டாயம்: வேலைக்குச் சேர்வதற்கு முந்தைய 90 நாளுக்குள், இல்லாவிட்டால் சேர்ந்த 7 நாளுக்குள். சிறுவயதில் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டவர்களுக்குத் தோல் பரிசோதனை பாசிட்டிவ் என்று வரலாம். பதற வேண்டாம். மார்பு எக்ஸ்ரே எடுத்துத் தெளிவுபடுத்திக்கொள்ளலாம்.

அம்மாவிடம் வருமுன் 5 மணி நேரப் பயிற்சி: வேலை அறிமுகம் 2 மணி, பாதுகாப்பு 3 மணி. பிறகு ஆண்டுக்கு 5 மணி. இது மிகக் குறைவு. இணையவழியிலேயே முடித்துவிடலாம் என்பதால், சான்றிதழ் வைத்திருப்பவருக்கும் ஆளைத் தூக்கி உட்கார வைத்துப் பழக்கம் இல்லாமல் இருக்கலாம். முதல் நாளே கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். நாற்காலியின் இரு பிரேக்கையும் பூட்டுகிறாரா, கால்வைக்கும் தட்டை ஒதுக்குகிறாரா, அம்மாவைக் கட்டில் விளிம்புக்கு நகர்த்தி, பாதம் தரையில் ஊன்றியபின் எழுப்புகிறாரா என்று கவனியுங்கள். அக்குளில் கைகொடுத்து இழுத்தால் தோள்மூட்டு பிசகக்கூடும். அப்படிச் செய்பவர் வேண்டாம்.

நேரடியாக வைத்தால் பதிவும் கட்டாயமில்லை, பயிற்சியும் கட்டாயமில்லை. ஆனால் அந்த ஆள் தனியாகவும் அதே பதிவேட்டில் பதிவு செய்துகொள்ளலாம். அதை நிபந்தனையாகவே வையுங்கள். சட்டப்படி முதலாளி நீங்கள்தான். ஒரு காலாண்டில் 750 டாலர் சம்பளம் எட்டினால் மாநில வேலைவாய்ப்புத் துறையில் பதிய வேண்டும். நாளுக்கு 9 மணி அல்லது வாரத்துக்கு 45 மணியைத் தாண்டினால் ஒன்றரை மடங்கு கூலி. தொழிலாளர் விபத்துக் காப்பீடும் தேவை. இதையெல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு தோழி சொன்ன கணக்கைப் போடுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு மெடி-கால் (குறைந்த வருமானத்தோருக்கான கலிபோர்னிய அரசு மருத்துவக் காப்பீடு) இருக்கிறது. நானே பார்த்துக்கொண்டால் எனக்கும் இந்த 5 மணிப் பயிற்சி உண்டா?

பதில்: இல்லை. மெடி-கால் உள்ளவரை வீட்டில் பார்த்துக்கொள்பவருக்குச் சம்பளம் தரும் ஐஎச்எஸ்எஸ் திட்டத்துக்கு விதிகள் தனி. கவுன்டி (மாவட்ட நிர்வாகம்) நடத்தும் அறிமுக வகுப்பு, கைரேகை, கையெழுத்திட்ட படிவங்கள் ஆகியவை போதும். கைரேகைக் கட்டணம் உங்கள் பொறுப்பு. சேர்ந்தபின் மாதம் இருமுறை வேலைநேரப் பதிவை அனுப்ப வேண்டும். தாமதித்தால் சம்பளமும் தாமதமாகும்.