சதுக்கமா, சங்கமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

உலகளாவிய சமூகநீதி இயக்கம் இனி எந்த வழியில் போக வேண்டும் என்ற விவாதம் பற்றி மலையகத்தின் பல பகுதிகளிலிருந்து கேள்விகள் வந்திருக்கின்றன. நான்கை இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

பல நாட்டுச் சமூக இயக்கங்களும் அமைப்புகளும் சந்திக்கும் உலக சமூக மன்றம் 2001 முதல் கூடி வருகிறது. இத்தனை ஆயிரம் பேர் கூடியும் மன்றம் ஒரு தீர்மானம்கூட எடுப்பதில்லையாம். பிறகு எதற்கு அங்கே போக வேண்டும்?
– பல்கலைக்கழக மாணவி, ஹட்டன்

தெரிந்தே வைத்த விதி அது. சுவிட்சர்லாந்தின் டாவோஸில் பெருமுதலாளிகளும் ஆட்சியாளர்களும் கூடும் அதே நாட்களில், அதற்கு எதிர்க்குரலாக, 2001 ஜனவரியில் பிரேசிலின் போர்த்தோ அலெக்ரே நகரில் முதல் மன்றம் கூடியது. அந்த ஆண்டிலேயே எழுதப்பட்ட கோட்பாட்டுச் சாசனம், மன்றத்தின் பெயரால் யாரும் முடிவெடுக்கக் கூடாது என்கிறது. அடுத்த பிரிவையும் சேர்த்துப் படியுங்கள்: அங்கு வந்த அமைப்புகள் தங்களுக்குள் கூடித் தங்கள் பெயரில் அறிக்கை விடலாம், போராட்டம் அறிவிக்கலாம், மன்றம் அதைப் பரப்பும். இந்தப் பிரிவைப் பலர் கவனிப்பதே இல்லை.

அதன் பலத்தை 2003 காட்டியது. ஐரோப்பிய அமைப்புகள் 2002 நவம்பரில் புளோரன்ஸில் விடுத்த அழைப்பை, 2003 ஜனவரியில் போர்த்தோ அலெக்ரேயில் கூடிய இயக்கங்கள் உலகெங்கும் கொண்டுபோயின. பிப்ரவரி 15 அன்று ஈராக் போருக்கு எதிராகப் பல நூறு நகரங்களில் மக்கள் தெருவில் இறங்கினார்கள். மார்ச்சில் போர் தொடங்கிவிட்டது. ஒரே நாளில் உலகத்தை நடக்க வைக்க முடிந்தது, மறுநாள் என்ன செய்வது என்பதற்கு யாரிடமும் ஏற்பாடு இருக்கவில்லை. இன்றுவரை ஓயாத சண்டை இந்த இடத்தில்தான் இருக்கிறது.

நிறுவனர்களில் ஒருவரான சிக்கோ விட்டாக்கர் மன்றத்தை உரிமையாளர் இல்லாத ஊர்ச் சதுக்கத்துக்கு ஒப்பிட்டார். எல்லோரும் வரலாம், பேசலாம், கூட்டுச் சேரலாம். மறுதரப்போ, சதுக்கத்தில் பேசிப் பேசியே காலம் போகிறது, பொது வேலைத்திட்டம் வேண்டும் என்றது. 2005இல் பொருளியலாளர் சமீர் அமீன், சமூகவியலாளர் வால்டன் பெல்லோ உட்பட 19 பேர் 12 அம்ச அறிக்கை ஒன்றை வெளியிட்டார்கள். ஏழை நாடுகளின் கடன் ரத்து, வரிப் புகலிடங்களை ஒழிப்பது என்று நல்ல கோரிக்கைகள்தான். ஆனால் கையெழுத்திட்ட 19 பேரில் பெண் ஒருவரே. கொழுந்து பறிப்பவர்கள் பெண்களும் பேச்சுவார்த்தை மேசையில் உட்காருபவர்கள் ஆண்களுமாக இருக்கும் மலையகத்துக்கு, அந்த அறிக்கை ஏன் எடுபடவில்லை என்று விளக்கத் தேவையில்லை.

எங்கள் கருத்து இது: சதுக்கம் சதுக்கமாகவே இருக்கட்டும். முடிவை அதைச் சுமக்கப்போகிறவர்கள் எடுக்க வேண்டும், அதையும் போவதற்கு முன்பே ஊரில் எடுக்க வேண்டும். வெறுங்கையோடு போகிறவருக்கு மன்றம் கோரிக்கை தயாரித்துத் தராது.

எங்களைப் போன்ற தோட்டக் கமிட்டிக்கு உலக மன்றத்தால் எப்போதாவது ஏதாவது கிடைத்திருக்கிறதா?
– தோட்டத் தலைவர் ஒருவர், தலவாக்கலை

சர்வதேசத் தேயிலை நாள் அங்கிருந்து வந்ததுதான். 2004 மும்பை மன்றத்திலும் 2005 போர்த்தோ அலெக்ரேயிலும் நடந்த பேச்சுகளைத் தொடர்ந்து தொழிற்சங்கங்கள் டிசம்பர் 15ஐத் தேயிலை நாளாகக் கொண்டாடத் தொடங்கின. முதலில் 2005இல் புதுடில்லியில், 2006இல் இலங்கையில். பிறகு அரசுகள் முன்வந்தன. 2019இல் ஐ.நா. பொதுச்சபை மே 21ஐத் தேயிலை நாளாக அறிவித்தது. நாள் உலகறிந்ததாகிவிட்டது, சங்கங்களின் கையிலிருந்து நழுவியும்விட்டது. ஆண்டு முழுவதும் அதைத் தூக்கிச் சுமக்க ஆள் வைத்திருந்தது அரசுகளும் தொழில்துறையும்தான்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது நாட்சம்பளமாக ஆயிரம் ரூபாய் கேட்ட நம் போராட்டம். 2018 அக்டோபரில் கொழும்பு காலி முகத்திடலில் இளைஞர்கள் கறுப்புச் சட்டையோடு கூடியபோது கோரிக்கை ஒரே ஒரு எண்ணாக இருந்தது. கொழும்புக்கும் அது புரிந்தது. 2021 மார்ச்சில் சம்பள நிர்ணயச் சபை வழியாக வர்த்தமானி (அரசிதழ்) அறிவிப்பும் வந்தது. ஆனால் அந்தக் கோரிக்கையில் கிலோ இல்லை. பல தோட்டங்களில் ஒரு பேருக்கு, அதாவது ஒரு முழு நாள் சம்பளத்துக்கு, பறிக்க வேண்டிய அளவு கூடவே ஏறியது, எட்டாதவருக்கு அரைப்பேர் விழுந்தது. எதிர்த்தரப்பு எந்தத் திருகைத் திருப்பிச் சமாளிக்கும் என்று முன்கூட்டியே பார்த்து, அதையும் கோரிக்கைக்குள் எழுத வேண்டும். உலகக் கோரிக்கைக்கும் இதே கணக்குத்தான்.

அடுத்த மன்றத்தில் ஓர் அமர்வு நடத்த எங்கள் மகளிர் குழு நினைக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?
– மகளிர் குழுவினர், பசறை

தராசிலிருந்து. லயம் (தோட்டத்து வரிசை வீடு), காணி, சம்பளம், பாடசாலை, மருத்துவம் என்று முப்பது கோரிக்கை கொண்டுபோகும் அமர்வு எவருக்கும் நினைவில் நிற்காது. ஒன்றை எடுங்கள். உதாரணத்துக்கு, கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கும் தண்ணீருக்கும் கழிப்பது. ஒரு நிறுவைக்கு 2 கிலோ கழிக்கிறார்கள், நாளுக்கு மூன்று நிறுவை என்று வைத்துக்கொண்டால் 6 கிலோ. 20 கிலோ கேட்கும் தோட்டத்தில் அந்தப் பெண் 26 கிலோ பறித்தால்தான் முழுப்பேர். 25 நாளில் 150 கிலோ கணக்கில் ஏறாமல் போகிறது.

உங்கள் தோட்டத்து உண்மை எண் எது என்பதை நீங்களே அளக்க வேண்டும். பத்துப் பெண்கள், முப்பது நாள், ஆளுக்கொரு சிறு கொப்பி. திகதி, மலை நம்பர், ஒவ்வொரு நிறுவையிலும் தராசு காட்டிய எடை, கழித்தது, எழுதியது. காலி சாக்கைக் காய்ந்த நிலையில் ஒரு தடவை, மழையில் நனைத்து ஒரு தடவை நிறுத்துப் பாருங்கள். நிறுவைக்குக் கழிப்பது இந்த இரண்டாவது எடையையும் தாண்டினால் உங்கள் வாதம் அங்கேயே முடிந்தது. மழை நாளில் இலையிலும் தண்ணீர் நிற்கிறது என்பார்கள், அதனால் வெயில் நாள் கழிவைத் தனியாகக் கூட்டி வையுங்கள். மாதக் கடைசியில் சம்பளத் துண்டோடு ஒப்பிட வேண்டும். கொப்பியில் பெயர் எழுதாமல் அ, ஆ, இ என்று போடுங்கள். துண்டைப் படம் பிடிக்கும்போது பெயரையும் சேமலாப நிதி இலக்கத்தையும் விரலால் மறைத்துவிடுங்கள். வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை கையில் அந்தப் படம் சிக்கினால் யாருக்கு வேலை போகும் என்று உங்களுக்கே தெரியும்.

பிறகு இரண்டே பக்கத்தில் தமிழ், சிங்களம், ஆங்கிலத்தில் எழுதுங்கள். ஓர் எண், ஒரு படம், ஒரு கோரிக்கை, அது யாரிடம், எந்தத் திகதிக்குள்.

அமர்வு 90 நிமிடம் என்றால் உங்களுக்குக் கிடைப்பது 45 நிமிடம். ஒருவர் பேசி நிறுத்த, மற்றவர் மொழிபெயர்க்கும் முறையில் நேரம் பாதியாகும். பலர் இதை மறந்து முன்னுரையிலேயே முக்கால்வாசியைக் கரைத்துவிடுகிறார்கள், பறிக்கும் பெண்ணின் முறை வரும்போது மணி அடிக்கிறது. அவரை முதலில் பேச விடுங்கள். இருவருக்கு எட்டெட்டு நிமிடம், எண்ணை விளக்க ஐந்து, மிச்சம் எல்லாம் கேள்விக்கு. காதில் கருவி மாட்டி உடனுக்குடன் மொழிபெயர்ப்பதானால் இரண்டு பேர் வேண்டும், ஒருவரால் அரை மணிக்கு மேல் தாங்காது. பேர், அரைப்பேர், கைக்காசு, பெரட்டு, லயம் போன்ற சொற்கள் இருபதுக்குப் பொருள் எழுதி மொழிபெயர்ப்பாளரிடம் ஒரு வாரம் முன்பே கொடுங்கள். ‘பேர்’ என்பதை ‘பெயர்’ என்று மொழிபெயர்த்தால் அமர்வு முழுவதும் வீண்.

அங்கே யாரைத் தேடுவது? முதலில் அசாம், கென்யா போன்ற தேயிலை நாடுகளின் சங்கங்களை. உங்கள் கொப்பியின் கட்டங்களையே அவர்களிடம் கொடுத்து, அங்கும் முப்பது நாள் எழுதச் சொல்லுங்கள். அடுத்து, வாங்கும் நாடுகளின் சங்கங்களை. கொழும்பு ஏலத்தில் தேயிலை தோட்டத்தின் மார்க்கோடு (விற்பனைப் பெயரோடு) விற்கிறது, வாங்கியவர் கலந்து பொதி செய்ததும் அந்த மார்க் மறைந்துவிடுகிறது. ஆகவே தொழிற்சாலைச் சாக்கில் அச்சிட்ட மார்க், தரம், இன்வாய்ஸ் இலக்கம் ஆகியவற்றை இங்கிருந்தே குறித்துக்கொண்டு போங்கள். ஜெர்மனியில் 2023 முதல் நடைமுறையில் உள்ள விநியோகச் சங்கிலிச் சட்டத்தின்படி பெரிய நிறுவனங்கள் முறைப்பாட்டு வழி ஒன்றை வைத்திருக்க வேண்டும். அந்தச் சட்டத்தைத் தளர்த்தும் முயற்சிகளும் நடக்கின்றன, அதனால் தாமதிக்க வேண்டாம். ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர்களுக்கு நேரடியாக எழுதவும் வழி உண்டு. உள்நாட்டு நீதிமன்றத்தை முதலில் முடித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதற்கு இல்லை. நவீன அடிமைத்தனம் பற்றிய அறிக்கையாளர் 2021 இறுதியில் இலங்கைக்கு வந்தபோது தோட்டத் தொழிலாளர் நிலைமையையும் பார்த்தார்.

திரும்பி வந்த முப்பது நாளுக்குள் லயத்து முற்றத்திலோ கோயில் திடலிலோ கூட்டம் வைத்து, யாரைச் சந்தித்தோம், யார் என்ன ஒப்புக்கொண்டார் என்று வாசித்துக் காட்டுங்கள்.

எங்கள் சங்கத் தலைவர் கட்சிக்காரரும்தான். அவரையும் அழைத்துப் போகலாமா? நன்கொடை நிறுவனத்தின் காசில் போனால் பேச்சு நம்முடையதாக இருக்குமா?
– வாசகர், மாத்தளை

மலையகத்தில் சங்கமும் கட்சியும் ஒரே வீட்டில் குடியிருப்பதால் முதல் கேள்வி நியாயமானது. கட்சிப் பிரதிநிதியாக யாரும் பங்கேற்க முடியாது என்கிறது சாசனம். அதை ஏற்றுக்கொள்ளும் மக்கள் பிரதிநிதிகளைத் தனிப்பட்ட முறையில் அழைக்கலாம். ஆகவே அவர் வரட்டும், கொடியும் மேடையில் முதல் நாற்காலியும் வேண்டாம்.

காசு பற்றிய அச்சமும் சரியே. 2007 நைரோபி மன்றத்தில் நுழைவுக் கட்டணம் கட்ட முடியாத சேரி மக்கள் போராடித்தான் வாசலைத் திறக்க வைத்தார்கள். விமானச் செலவை நன்கொடையில் பார்த்துக்கொள்ளலாம். பாஸ்போர்ட் செலவும் போகிறவர் இழக்கும் நாட்சம்பளமும் குழுவின் காசாக இருக்கட்டும். நாற்பது பெண்கள் மாதம் 100 ரூபாய் போட்டால் ஆண்டுக்கு 48,000 ரூபாய் சேரும். மேலே பசறைக் குழுவுக்குச் சொன்ன இரண்டு பக்கக் கோரிக்கையை நாற்பது பேருக்கும் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கிய பிறகே நன்கொடை நிறுவனத்துக்கு அனுப்புங்கள். திருத்தச் சொன்னால் மறுபடி நாற்பது பேரிடமும் போக வேண்டும் என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்.